எக்ஸ்ரே ஒளியைப் பிடித்து வைக்கும் இரும்பு: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்ட கேள்விகள்

படிவம் 5 டியூஷனில் ஒருநாள் ஒளியின் வேகம் நடத்திக்கொண்டிருந்தபோது, எக்ஸ்ரே ஒளியைக்கூட இரும்புக்குள் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, காந்தத்தை மாற்றி வெளியே விடலாம் என்று வாய்விட்டுவிட்டேன். அன்றைய பாடம் அதோடு போச்சு. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் தே தாரிக் கடையில், கோவிலில் செருப்பு விடும் இடத்தில், கிளினிக் வரிசையில் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே கேட்கிறார்கள். ஒரே பதிலை இருபது தடவை சொன்ன களைப்பில் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சார், எக்ஸ்ரேனா கை உடைஞ்சா எடுக்குறதுதானே? அதை எதுக்கு கட்டுப்படுத்தணும்?

அதேதான். 1895-ல் ஜெர்மனியில் ரோன்ட்ஜென் கண்டுபிடித்தது. நாம் பார்க்கும் வெளிச்சத்துக்கு உறவுக்காரன், ஆனால் சக்தி அதிகம். இந்தப் பக்கம் முழுக்க நான் பேசப்போகும் எக்ஸ்ரேயில் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும், அதாவது ஒளியின் ஒவ்வொரு பொட்டலத்துக்கும், 14.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சக்தி (எலெக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு). சாதாரண வெளிச்சத்தைப்போல சுமார் 7,000 மடங்கு. அதன் அலைநீளம் 0.086 நானோமீட்டர், அதாவது ஓர் அணுவின் பருமனைவிடக் கொஞ்சம் சிறியது.

சாதாரண வெளிச்சத்தை வைத்து மனிதன் என்னென்னவோ செய்கிறான்: கண்ணாடி இழையில் அனுப்புகிறான், நிறுத்துகிறான், துண்டாக்குகிறான், தகவல் ஏற்றுகிறான். எக்ஸ்ரேயிடம் இதுவரை பெரும்பாலும் "போ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அணு அளவில் வேலை செய்யும் ஒளி, ஆனால் சொன்ன பேச்சு கேட்காது. அதனால்தான் ஆசை.

லென்ஸ் வச்சு திருப்பிட்டா போச்சு, இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?

லென்ஸ் வேலை செய்வது ஒளி கண்ணாடிக்குள் போகும்போது வளைவதால். எக்ஸ்ரேக்குக் கண்ணாடியும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான்; வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்ப வேண்டுமென்றால் அரை டிகிரிக்கும் குறைவான சாய்வில், தரையோடு தரையாகக் கல் எறிந்து குளத்தில் தத்த விடுவோமே, அந்த மாதிரி விட வேண்டும். லென்ஸும் ஆடியும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் அவை திசையை மட்டும் கொஞ்சம் மாற்றும். நிறுத்தி வைக்காது.

பெரிய காந்தம் ஒண்ணைக் காட்டுனா எக்ஸ்ரே வளைஞ்சு போகுமா?

வளையாது. இந்த ஒரு பதிலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தம் அதைத் தொடாது. தோட்டத்து வேலை மாதிரி யோசியுங்கள்: மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பால்மரத்தைத் தொடுவதில்லை, பால் வெட்டுகிறவரிடம்தான் பேசுகிறார். இங்கேயும் காந்தம் ஒளியோடு பேசாது. ஒளியைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருக்கும் அணுக்கருவோடு பேசும்.

எக்ஸ்ரே உண்டாக்கும் பெரிய சிங்க்ரோட்ரான் வளையங்களில் ராட்சதக் காந்தங்கள் உண்டு என்பது உண்மை. அவை வளைப்பது எலெக்ட்ரான்களை. வளையும்போது எலெக்ட்ரான்கள் எக்ஸ்ரே ஒளியைச் சிந்தும். அது உற்பத்தி, நான் சொல்வது அதற்கு அப்புறம் நடக்கும் கதை.

அப்போ இது எம்ஆர்ஐ மெஷின் மாதிரியா அண்ணே?

தூரத்துச் சொந்தம். எம்ஆர்ஐயிலும் அணுக்கருவும் காந்தமும் உண்டு, ஆனால் அங்கே ஹைட்ரஜன் கரு, அதைத் தட்டுவது ரேடியோ அலை. மருத்துவமனைகளில் சாதாரணமாக 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம் இருக்கும் (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் பலத்தை அளக்கும் அலகு). கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் என்ற அடிப்படை மட்டும் இரண்டுக்கும் பொது.

அணுக்கருன்னு சொன்னாலே பயமா இருக்கு. புக்கிட் மேரா கதை தெரியும்ல?

தெரியும். ஈப்போ பக்கத்தில் 1980களில் அரிய மண் தாதுக் கழிவில் இருந்த தோரியத்தால் வந்த பிரச்சினையை நம் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள், மறக்கவும் கூடாது. அது தானாகச் சிதையும் கதிரியக்கப் பொருள். இங்கே பயன்படுவது இரும்பு-57, இரும்பு அணுவிலேயே ஒரு வகை. அது நிலையானது, தானாக எதையும் வீசாது. வெளியிலிருந்து சரியான எக்ஸ்ரே வந்து தட்டினால் ஒரு கணம் விழித்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி தூங்கிவிடும்.

எக்ஸ்ரேயே ஆபத்தில்லையா என்று அடுத்த கேள்வி வரும். ஆபத்துத்தான், அதனால் அந்தக் கூடங்களில் கதவு பூட்டாமல் கதிரைத் திறக்கவே முடியாது.

எங்க வீட்டு இரும்புச் சட்டியிலயும் அந்த 57 இருக்குமா தம்பி?

இருக்கும் ஆன்ட்டி. உலகத்து இரும்பில் எங்கே எடுத்தாலும் நூறு அணுவில் சுமார் இரண்டு இரும்பு-57. உங்கள் தோசைக்கல்லில், பாராங் கத்தியில், ரத்தத்தில்கூட. வயது வந்தவர் உடம்பில் மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கிறது, அதில் 2 சதவீதம் இதுதான். ஆராய்ச்சிக்கு மட்டும் 57-ஐத் தனியாகப் பிரித்துச் செறிவூட்டி எடுப்பார்கள். விலை இரும்புக் கடை விலை அல்ல.

ஏன் இரும்பு? தங்கம்னா இன்னும் நல்லா இருக்காதா?

கேட்டவர் நகைக்கடைக்காரர், அவர் தொழில் பக்தி அப்படி. தங்கத்தின் கருவும் இந்த வேலையைச் செய்யும், பொய் இல்லை. ஆனால் தங்கம்-197 கேட்பது 77 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், நன்றாகக் குளிர வைக்க வேண்டும், வாங்கிய ஒளியைச் சராசரியாக மூன்று நானோ வினாடிகூடக் கையில் வைத்திருக்காது. (ஒரு நானோ வினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.) இரும்பு-57 சராசரியாக 141 நானோ வினாடி வைத்திருக்கும், அறை வெப்பத்திலேயே. இந்த உலகத்தில் இது நிதானமான ஆள்.

இன்னொரு குணம்: இரும்பு-57 தன் சுருதியில், அதாவது எந்தச் சக்தியுள்ள ஒளியை ஏற்பது என்பதில், மகா கறார். 14.4 கிலோ எலெக்ட்ரான் வோல்டில் அது ஏற்றுக்கொள்ளும் அகலம் 4.7 நானோ எலெக்ட்ரான் வோல்ட். மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் "இது என் ஒளி இல்லை" என்று விட்டுவிடும்.

ஒளியை வீசுறப்போ கரு பின்னாடி உதைபட்டு சுருதி மாறிடாதா சார்?

இதைக் கேட்டது படிவம் 4 மாணவி. எனக்குக் கல்லூரியில்கூட இந்தச் சந்தேகம் வந்ததில்லை. தனியாக மிதக்கும் கரு என்றால் நிச்சயம் மாறும். உதையில் போகும் சக்தி, மேலே சொன்ன அகலத்தைப்போல சுமார் நான்கு லட்சம் மடங்கு. செம்பனைக் குலையை லாரிக்கு மேலே வீசுகிறவரைப் பாருங்கள். சேற்றில் நின்று வீசினால் கால் வழுக்கிப் பாதி பலம் வீணாகும், சிமெண்டுத் தரையில் ஊன்றி நின்றால் முழு பலமும் குலைக்குப் போகும். திடப்பொருளில் கட்டுண்டு கிடக்கும் கரு சில நேரங்களில் படிகம் முழுவதையும் தரையாக ஊன்றிக்கொண்டு வீசுகிறது. படிகம் அசையுமா? அசையாது, அவ்வளவு கனம்.

இதை 1958-ல் ருடால்ஃப் மோஸ்பவர் இரிடியத்தில் கண்டுபிடித்தார், அப்போது அவர் முனைவர் பட்டத்துக்கான வேலையில் இருந்த இளைஞர். 1961-ல் நோபல் பரிசு வாங்கும்போது வயது 32.

நத்தை நகர்ந்தாலே கெட்டுப் போயிடும்னு சொன்னீங்களாமே, நம்ம ஊர் பேருக்காக அடிச்சு விட்டதா?

ஊர்ப் பெயர் அமைந்தது என் அதிர்ஷ்டம் (தெரியாதவர்களுக்கு: சிப்புட் என்றால் மலாயில் நத்தை). கணக்கு உண்மை. இரும்புத் துண்டை வினாடிக்கு 0.1 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினாலே டாப்ளர் விளைவால் (நகரும் பொருளின் அலைக்குச் சுருதி மாறுவது) சுருதி ஓர் அகலம் தள்ளிப் போய்விடும். நத்தை அதைவிட வேகமாகப் போகும்.

இந்தக் கறாரை வைத்து 1960-ல் ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும், 22.5 மீட்டர் உயரம், நம்ம பக்கத்தில் நன்றாக வளர்ந்த ஒரு பால்மரத்து உயரம் என்று வையுங்கள், அவ்வளவு தூரம் ஒளி ஏறி இறங்கும்போது புவியீர்ப்பு அதன் சுருதியை மாற்றுவதை அளந்துவிட்டார்கள். ஐன்ஸ்டைன் சொன்னதை இரும்புத் துண்டு சரி பார்த்தது.

ஒரே ஒரு ஃபோட்டான் வருது, கோடிக்கணக்குல கரு இருக்கு. யாரு வாங்குவா?

எல்லாரும். இது எனக்கே இன்னும் முழுசாகச் செரிக்காத விஷயம், ஆனால் சோதனைகள் அப்படித்தான் காட்டுகின்றன. எந்தக் கரு வாங்கியது என்று எந்த அடையாளமும் இல்லாதபோது, அந்த ஒற்றை ஃபோட்டானை எல்லாக் கருக்களும் சேர்ந்து பகிர்ந்து வைத்திருக்கின்றன. இந்தக் கூட்டு நிலைக்குக் கரு எக்ஸிட்டான் என்று பெயர்.

இதனால் என்ன லாபம்? தனிக் கரு ஒளியைக் கண்ட திசையில் விடும். கூட்டமாக வைத்திருக்கும்போது, ஒளி வந்த நேரத்தின் தாளம் ஒவ்வொரு கருவிலும் பதிந்திருப்பதால், எல்லா அலைகளும் வந்த திசையிலேயே கூடிச் சேர்கின்றன. உறுமி மேளக் குழுவில் இருபது பேர் ஒரே அடி அடித்தால் சத்தம் எங்கே போய் விழும் என்று தைப்பூசத்தில் பார்த்திருப்பீர்கள். சிங்க்ரோட்ரான் ஒளியில் இந்தக் கூட்டு ஒளிர்வை 1985-ல் ஹாம்பர்க்கில் கெர்டாவ் குழுவினர் காட்டினார்கள்.

சரி, இதுல காந்தம் எங்க வருது?

கருவின் சுருதி காந்தப் புலத்தில் பிரியும். இரும்பு-57 ஒற்றைச் சுருதி அல்லாமல் ஆறு சுருதியாக உடையும். அதற்கு எவ்வளவு பெரிய காந்தம் வேண்டும் என்று பயப்படாதீர்கள்: சாதாரண இரும்புக்குள் எலெக்ட்ரான்களே கருவின் இடத்தில் 33 டெஸ்லா புலம் உண்டாக்கி வைத்திருக்கின்றன. எம்ஆர்ஐக்குச் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோசைக்கல்லுக்குள் அதைப்போல பத்து இருபது மடங்கு.

வரும் ஒளியின் அலை எந்தப் பக்கமாக ஆடுகிறது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், ஆறில் இரண்டு சுருதி மட்டும் விழிக்கும். இரண்டு உறுமி, ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று கொஞ்சம் மெதுவு. சில நேரம் அடி சேரும், சில நேரம் நேர் எதிராக விழும். அதனால் வெளியே வரும் எக்ஸ்ரே பளிச், மங்கல், பளிச், மங்கல் என்று வரும். இரும்பில் சுமார் 14 நானோ வினாடிக்கு ஒரு தடவை. கணினித் திரையில் இந்த வளைவு ஏறி இறங்குவது அழகாக இருக்கும்.

இப்ப நேரா சொல்லுங்க, ஒளியை எப்படிய்யா நிறுத்தி வைக்கிறது?

முந்தின பதிலின் இரண்டு உறுமியை விட்டுவிடாதீர்கள். இரண்டும் நேர் எதிராக அடிக்கும் அந்த நொடியில் வெளியே சத்தம் பூஜ்யம், ஆனால் இரண்டு பேரும் அடிப்பதை நிறுத்தவில்லை. சரியாக அந்த நேரத்தில் காந்தப் புலத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வேக வித்தியாசத்துக்குக் காரணமே புலம்தான். அது போனதும் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும், எதிரும் புதிருமாகவே இருக்கும், வந்த திசையில் ஒளி வெளியே வராது. கருக்களுக்குள் ஒளி மாட்டிக்கொண்டது. மறுபடி புலத்தைப் போட்டால் வித்தியாசம் திரும்பும், அடி சேரும், எக்ஸ்ரே வெளியே வரும்.

இந்தக் கணக்கை 2012-ல் ஹைடல்பர்க்கில் லியாவ், பால்ஃபி, கைட்டல் மூவரும் போட்டுக் காட்டினார்கள். கூடவே ஒரு தந்திரம்: புலத்தைத் திருப்பிப் போடும்போது எதிர்த் திசையில் போட்டால் வெளிவரும் அலை தலைகீழாகிவிடும், மேடு இருந்த இடத்தில் பள்ளம். அதாவது வெறும் சேமிப்பு மட்டும் அல்ல, அலையில் எழுதவும் முடியும்.

இதற்கு முன்னாலேயே, 1996-ல், யூரி ஷ்விட்கோ குழுவினர் இன்னொரு வழியில் சோதனையே செய்துவிட்டார்கள். அவர்கள் புலத்தை அணைக்கவில்லை, திசையைச் சட்டென்று திருப்பினார்கள். இரும்பு போரேட் என்ற படிகத்தில், வெளியே சின்னக் காந்தத்தை அசைத்தாலே உள்ளே இருக்கும் முப்பது டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலம் சில நானோ வினாடியில் திரும்பிவிடும். சுக்கான் சின்னது, கப்பல் பெரியது. திரும்பியதும் கூட்டு ஒளிர்வு அடங்கியது. பழைய திசைக்குத் திருப்பினால் மறுபடி வந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இதுதான்.

ராத்திரி வச்சு காலையில எடுக்கலாமா?

முடியாது அங்கிள். மேலே சொன்ன 141 நானோ வினாடி இயற்கை போட்ட காலக்கெடு. காந்தத்தால் அதை நீட்ட முடியாது. வெளியே வரும் கதவைச் சாத்தலாம், உள்ளே ஒழுகுவதை நிறுத்த முடியாது. ஒழுகல் எங்கே போகிறது என்றால், தனித்தனியாகச் சிதையும் இரும்பு-57 கருக்களில் பத்தில் ஒன்பது ஒளியே விடாமல் சக்தியை ஓர் எலெக்ட்ரானிடம் கொடுத்துத் துரத்திவிடும். இருந்தாலும் நூறு நானோ வினாடி என்றால் ஒளி 30 மீட்டர் ஓடியிருக்கும் நேரம். அவ்வளவு நீள ஓட்டத்தை மனித முடியைவிட மெல்லிய படிகத்தில் உட்கார வைப்பது சின்ன வேலை இல்லை.

நீண்ட காலம் வேண்டுமென்றால் வேறு கரு பார்க்க வேண்டும். 2023-ல் ஜெர்மனியில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்ரே லேசரில் ஸ்காண்டியம்-45 கருவை 12.4 கிலோ எலெக்ட்ரான் வோல்டில் எழுப்பினார்கள். அதன் சராசரி ஆயுள் அரை வினாடிக்குக் கிட்ட. அது மகா கறாரான கடிகாரமாக வரலாம் என்று எதிர்பார்க்கிறார்கள்.

வெளியே வர்றது அதே ஒளியா, இல்ல கரு புதுசா செஞ்சு குடுக்குறதா?

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் தம்பி கேட்டது, நல்ல கொக்கி. என் பதில்: "அதே" என்பதற்கு ஃபோட்டானிடம் அடையாள அட்டை கிடையாது. சக்தி, திசை, அலையின் தாளம், மூன்றும் காப்பாற்றப்பட்டு வந்தால் இயற்பியல்காரர் அதை அதே ஒளி என்று ஏற்றுக்கொள்வார். கூட்டாக வெளிவருவதில் மூன்றும் காப்பாற்றப்படுகின்றன. கண்ட திசையில் தனியாகச் சிதறி வருவதில் இல்லை, அது தொலைந்த சரக்கு.

காந்தமே இல்லாம ஆட்டியே செய்யலாம்னு யூடியூப்ல பார்த்தேன்?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நத்தைக் கணக்கை நினையுங்கள்: அசைத்தால் சுருதி மாறும் என்றால், வேண்டுமென்றே அசைத்து அலையை வேண்டிய வடிவத்துக்கு வெட்டலாமே. 2014-ல் கோச்சரோவ்ஸ்கயா குழுவினர் இரும்பு ஏடு ஒன்றை அதிரவிட்டு ஒற்றை ஃபோட்டானின் வடிவத்தைத் துண்டு துண்டாக்கிக் காட்டினார்கள். 2017-ல் ஹைடல்பர்க் குழுவினர் படலத்தைச் சரியான நேரத்தில் துளி நகர்த்தி, சுருதி தப்பி இருந்த எக்ஸ்ரேயைச் சுருதிக்குள் கூட்டிச் சேர்த்தார்கள். காந்தமா ஆட்டமா என்றால், என் கட்சி காந்தம். இரும்பைத் தொடாமல் திருப்புவதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. ஆனால் சமீப வருடங்களில் ஆட்டக்காரர்கள்தான் முன்னே போகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கிளினிக் எக்ஸ்ரே மெஷின்ல இதைச் செஞ்சு பார்க்கலாமா?

ஆகாது. அந்த மெஷின் பல சுருதிகளைக் கலந்து கொட்டும் குழாய். சிங்க்ரோட்ரானில்கூட ஒளியை ஒரு மில்லி எலெக்ட்ரான் வோல்ட் அகலத்துக்கு வடிகட்டிய பிறகும், சுமார் இரண்டு லட்சம் ஃபோட்டானில் ஒன்றைத்தான் கரு தன்னுடையது என்று ஏற்கும். மீதி எல்லாம் நேராகப் போய்விடும். கரு தாமதமாகக் கொடுப்பதால் நேரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: முதல் வெள்ளம் கடந்ததும் கண்ணைத் திறக்கும் கருவி.

அதற்கேற்ற வளையங்கள் சில இடங்களில்தான். ஹாம்பர்க்கின் பெட்ரா-3 சுற்றளவு 2,304 மீட்டர், ஜப்பானின் ஸ்பிரிங்-8 1,436 மீட்டர், பிரான்சில் கிரெனோபிளில் உள்ளது 844 மீட்டர். பக்கத்தில் தாய்லாந்தின் கொராட்டிலும் ஒரு சிங்க்ரோட்ரான் உண்டு, ஆனால் சிறியது, இந்த வேலைக்கு ஏற்றதல்ல. நம்ம நாட்டில் பாங்கியில் 1982-லிருந்து இருப்பது அணு உலை. அது வேறு சாமான்.

இதையெல்லாம் செஞ்சு யாருக்கு என்ன பிரயோசனம்?

கருவை உளவாளியாக அனுப்புவது இப்போதே நடக்கிறது. மெல்லிய படலங்களின் காந்தத் திசை, பூமியின் மையம் போன்ற அழுத்தத்தில் இரும்பு எப்படி அதிர்கிறது, இதெல்லாம் இரும்பு-57 திருப்பித் தரும் ஒளியில் எழுதியிருக்கும். ஒளியைச் சேமித்து எழுதுவது அடுத்த கட்டம். எக்ஸ்ரே ஃபோட்டானுக்கு ஒரு வசதி, ஒற்றை ஆளாக வந்தாலும் கருவி தவறவிடாது, பின்னணிச் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. ஒற்றை ஃபோட்டானில் தகவல் ஏற்ற நினைக்கும் குவாண்டம் தகவல்காரர்களுக்கு அதனால்தான் இதில் ஆசை. கடைக்கு வரும் பொருளாக எப்போது மாறும் என்று கேட்காதீர்கள், நான் ஜோசியக்காரன் இல்லை.

என் மகளுக்கு இது பிடிச்சிருக்கு. என்ன பாடம் எடுக்கணும் சார்?

படிவம் 4-ல் இயற்பியலும் கூடுதல் கணிதமும். கூடுதல் கணிதம் கஷ்டம் என்று யாராவது சொல்லி எடுக்கவிடாமல் செய்தால் என்னிடம் அனுப்புங்கள். அப்புறம் எஸ்டிபிஎம்மோ மெட்ரிகுலேஷனோ, எது கிடைத்தாலும் சரி. வகுப்பு செவ்வாய், வியாழன் இரவு எட்டு மணிக்கு. நத்தை கணக்கை முதல் நாளே கையால் போடச் சொல்வேன், கால்குலேட்டர் கொண்டு வரட்டும்.